மீன்தொட்டிக்கு அரை எச்பி

கடையில் வாங்கிய எந்தப் பொருளும் அவர் வீட்டில் வாங்கிய உருவத்திலேயே ஒரு வாரத்தைத் தாண்டியது கிடையாது. எல்லோரும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பொருளை வெளியே எடுப்பார்கள். அவர் பொருளையும் சேர்த்துப் பிரித்துவிடுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பி, உள்ளே எட்டிப் பார்த்து, லேசாகச் சிரித்து, "இதுல என்னங்க இருக்குது?" என்பார். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொருளுக்கு ஆயுள் முடிந்தது என்று புரிந்துகொண்டால் போதும். அடுத்த வாரம் அதே பொருள் இரும்பில், மூன்று மடங்கு எடையில், எட்டு போல்ட்டோடு வீட்டுக்குள் நுழையும்.

பீளமேட்டில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. கீழே அவரும் அவர் மனைவியும். மாடியில் வாடகைக்கு நான். பின்பக்கம் அவருடைய பம்புசெட் பட்டறை. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும்தான் பட்டறைச் சத்தம் காதில் விழாது. நடந்து போகிற தூரத்திலிருந்த ஒரு கல்லூரியில் நான் நுண்ணுயிரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் அங்கே குடியிருந்தேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பீளமேட்டில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பேர் வீட்டில் அவர் செய்துகொடுத்த ஏதோ ஒன்று நகர்த்த முடியாமல் கிடக்கும்.

அறுபதை எட்டியவர். எல்லோரும் பேனா குத்துகிற சட்டைப்பையில் அவர் வெர்னியர் வைத்திருப்பார். கண்ணில் படுவதையெல்லாம் அதில் கவ்வி அளப்பார். ஒருநாள் தட்டில் விழுந்த தோசையை அளந்து பார்த்து, "ஓரத்துல ஒண்ணரை எம்எம், நடுவுல மூணு. ஏனுங்க அம்மணி இப்படி?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். அன்று இரண்டு வேளை அவர் ஓட்டலில் சாப்பிட்டார் என்று அந்த அம்மாளே என்னிடம் சொன்னார்.

நான் குடிவந்த அன்று செருப்பு வைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு கொண்டுவந்திருந்தேன். படியேறும்போது அதைப் பார்த்துவிட்டு, நோயாளியைப் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஐந்தாம் நாள் இரண்டு ஆட்கள் மூச்சிரைக்க ஒரு செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிவந்து வாசலில் இறக்கினார்கள். கோண இரும்பில் செய்து சாம்பல் பெயிண்ட் அடித்தது. அதன்மேல் ஒரு காங்கேயம் காளையை நிறுத்தலாம். "மேடம் நாலு ஜோடி வெச்சிருக்கறீங்க, ஸ்ட்ராங்கா இருக்கோணுமுங்க" என்றார். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது 'ங்க' போட்டு ஒன்றை நீட்டிவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நான் காங்கேயத்துக்காரி. எனக்கும் வராது. "நெம்ப நல்லா இருக்குதுங்ணா" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஆறு வருடத்தில் என் கால் சுண்டுவிரல் அந்த ஸ்டாண்டில் எத்தனை தடவை இடித்தது என்பதற்குக் கணக்கே இல்லை.

அவரைப் பொறுத்தவரை அரை எச்பிக்குக் கீழே மோட்டார் என்று ஒன்று கிடையாது. கால் எச்பியை விளையாட்டுச் சாமான் என்பார். மனைவிக்குத் தேங்காய் துருவக் கை வலிக்கிறது என்று தெரிந்ததும் துருவியில் அரை எச்பி மோட்டாரைப் பூட்டிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் தேங்காய் கையைவிட்டுக் கிளம்பி ஜன்னல் வழியாகப் போய் எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தது. துருவல் மட்டும் சமையலறைக் கூரையில் ஒட்டிக்கொண்டது. "துருவறதெல்லாம் நல்லாத்தான் துருவுது கண்ணு. ஏணி வெச்சு ஏறி எடுத்துக்கோணும், அவ்வளவுதான்" என்றார் அவர் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டில் நகைச்சுவை அக்காவிடம்தான் இருந்தது. கணவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை.

இதையெல்லாம் நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் மதியம் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்ததும், "உங்க ஹவுஸ் ஓனர் என்ன பண்ணினார்?" என்று ஆறு பேர் கேட்பார்கள். நான் அவரைப் போலவே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இதுல என்னங்க இருக்குது?" என்று ஆரம்பிப்பேன். மணியடிக்கிற வரைக்கும் சிரிப்புதான். அந்தக் கல்லூரியில் எனக்கு இருந்த நல்ல பெயரில் பாதி அவர் சம்பாதித்துக் கொடுத்தது.

அவர் திறந்து பார்க்காத ஒரே ஜீவன் அந்த வீட்டில் இருந்த மீன். ஆஸ்கர் வகை. ஏதோ பொருட்காட்சியில் விரல் நீளக் குஞ்சாக அக்கா வாங்கி வந்தது. இதற்கு மேல் வளராது என்று விற்றவன் சொன்னானாம். நான் பார்த்தபோது அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சு நிறத் திட்டுகள். ஹாலில் நாலடித் தொட்டியில் அது மட்டும் தனியாக இருக்கும். அக்கா ஹாலுக்குள் வந்தால் கண்ணாடி ஓரத்துக்கு ஓடிவந்து அவர் போகிற பக்கமெல்லாம் கூடவே நீந்தும். கையை நீட்டினால் விரலைக் கடிக்காமல் தீனியை மட்டும் எடுக்கும். அக்கா ஒருநாள் காரமடை கோயிலுக்குப் போய்விட்டால் போதும், மூலையில் போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டு, கணவர் போடுகிற தீனியைத் திரும்பியும் பார்க்காது. விருந்துக்கு வந்து முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அதற்கு 'மாப்ளை' என்றே பெயர். "மாப்ளை இன்னைக்கு உண்டாருங்களா?" என்று அவரும் மரியாதையாகத்தான் விசாரிப்பார். பெற்ற பிள்ளை இல்லாத வீடு. எட்டு வருடமாக அந்த அக்கா காலையில் முதலில் பேசுவது அந்த மீனோடுதான். இதை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது தினமும் காதில் விழும்.

ஒரு கோடையில் தொட்டித் தண்ணீர் பச்சையாக மாறியது. கழுவி நிரப்பினாலும் நாலே நாளில் மறுபடியும் பச்சை. மீன் கடைக்காரர் அக்காவிடம் ஒரு யூவி கருவியைக் கொடுத்தார். முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழாய். உள்ளே புற ஊதாக் கதிர் விளக்கு. விளக்கைச் சுற்றி ஒரு கண்ணாடி உறை. அதைச் சுற்றித் தண்ணீர் மெதுவாக ஓடும். ஓடுகிற தண்ணீரிலிருக்கும் பாசி, கிருமியெல்லாம் அந்தக் கதிரில் செத்துப்போகும். ஒரு வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. அக்கா சந்தோஷமாகக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கேதான் தப்பு நடந்தது. காட்டியிருக்கக் கூடாது.

சாயங்காலம் நான் வரும்போது கருவி செய்தித்தாளின் மேல் பதினோரு துண்டாகக் கிடந்தது. "இதுல என்னங்க இருக்குது? ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு லைட்டு. இதைப் பாருங்க" என்று கண்ணாடி உறையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அது படக்கென்று உடைந்தது. அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

மூன்று வாரத்தில் அவருடைய மெசின் தயார். எவர்சில்வர் குழாய், இரண்டு பக்கமும் எட்டு எட்டு போல்ட், தண்ணீரைத் தள்ள அரை எச்பி பம்பு. தொட்டி ஆடக் கூடாதென்று அதைச் சுவரோடு கிளாம்பு போட்டுப் பிடித்திருந்தார். விளக்கு எரிவது தெரிய வேண்டுமென்று குழாயில் நீளவாக்கில் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார். அதன் வழியாக வந்த நீல வெளிச்சத்தில் ஹாலே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பட்டறையில் எந்த பம்பு வெளியே போனாலும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி அனுப்புவது வழக்கம். இதற்கும் காட்டினார். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். மாப்ளை மட்டும் அரை எச்பி வேகத்தில் அடிக்கிற தண்ணீரை எதிர்த்து நின்று, எங்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தது.

"உள்ளே என்ன கண்ணாடிங்ணா போட்டிருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"கேஜ் கிளாசுங்க மேடம். பாய்லர்ல தண்ணி மட்டம் பார்க்கப் போடுவாங்களே, அது. ஆவிக்கே அசையாது. அவன் போட்டிருந்தது காகிதமாட்ட இருந்துச்சுங்க."

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது. கெட்டிக் கண்ணாடி என்றால் கேட்கவே வேண்டாம். குவார்ட்ஸ் என்கிற தனி வகைக் கண்ணாடியைத்தான் தாண்டும். அவர் கட்டைவிரலால் உடைத்தது அதைத்தான். இதை நான் வருடா வருடம் முதலாண்டு மாணவிகளுக்குச் சோதனை செய்து காட்டுகிறேன். கிருமி வளர்க்கிற தட்டில் பாதியைக் கண்ணாடியால் மூடி யூவி விளக்கின் கீழே வைப்போம். மறுநாள் பார்த்தால், மூடாத பாதி வெறுமையாக இருக்கும், மூடிய பாதியில் கிருமி குடும்பம் குட்டியோடு செழித்திருக்கும். அவர் மெசினிலிருந்து நீல வெளிச்சம் வரும், சத்தம் வரும், கரண்ட் பில் வரும். கிருமியைக் கொல்கிற கதிர் மட்டும் வராது.

"சூப்பருங்ணா" என்றேன்.

வியாதியை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் முழுக்க அந்த வியாதிமேல் பழியைப் போட முடியாது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு இது எத்தனை நல்ல கதையாகும் என்று அப்போதே என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அது உண்மை. கதை நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது. இயற்பியல் துறைக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

தண்ணீர் என்னவோ தெளிவாகவே இருந்தது. அக்கா ஜன்னலுக்குத் திரை போட்டு வெயிலை மறைத்துவிட்டார், பாசி வளரவில்லை. பெயர் மெசினுக்குப் போனது.

மார்கழிக் குளிரில் மாப்ளைக்கு நோய் வந்தது. உடம்பெங்கும் ரவையைத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, தீனி எடுக்காமல் கிடந்தது. அவர் மெசினை இருபத்துநாலு மணி நேரமும் ஓட விட்டார். மூன்றாம் நாள் அக்கா மாடிக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"கண்ணு, நீ படிச்ச புள்ளை. அந்த மெசின் நெசமாலுமே கிருமியைக் கொல்லுதா?"

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சூப்பர் என்று சொல்ல முடியவில்லை. கொல்லாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "மெசின் ஒரு பக்கம் ஓடட்டுங்க்கா. மருந்தும் போட்டுடலாம்" என்றேன்.

"மருந்து ஊத்தினா மெசினை நம்பலைன்னு ஆகிப்போகுமே. மனுசன் வெசனப்பட்டுக்குவாரு."

"அவருக்கு ஏனுங்க்கா சொல்லோணும்?"

நானே மீன் கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்தேன். கடைக்காரர் பாட்டிலைக் கொடுக்கும்போது, "வீட்டுல யூவி இருந்தா ஆஃப் பண்ணிருங்க. அது எரிஞ்சுதுன்னா மருந்து கெட்டுப்போயிரும், வேலை செய்யாது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஊட்டு யூவி அப்படியெல்லாம் எதையும் கெடுக்காதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மெசினின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மருந்து நல்ல நீல நிறம். ஊற்றினால் தொட்டியே நீலமாகிவிடும். ஆனால் அந்த ஹாலில் எல்லாமே நீலமாகத்தான் இருந்தது. அவர் தினமும் தொட்டிக்கு முன்னால் நின்று, "லைட்டு நல்லாப் பிடிக்குதுங்க பாருங்க" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம். பத்தாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன. பன்னிரண்டாம் நாள் மாப்ளை அக்காவின் விரலிலிருந்து தீனியை எடுத்தது. அக்கா ஈரக் கையோடு வந்து என் கன்னத்தைத் தொட்டார். கையில் மீன் வாடை அடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அவருடைய மெசின் மட்டும் உண்மையாக வேலை செய்திருந்தால் மருந்து கெட்டு அந்த மீன் செத்திருக்கும். உதவாத மெசின் என்பதால்தான் அது பிழைத்தது. இதைவிட நல்ல கதை கிடைக்குமா? ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாள் ஓடியது.

அத்தோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. உறவுக்காரர்களை அங்கே ஒறம்பரை என்போம். வருகிற ஒறம்பரைக்கெல்லாம் மெசினைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார். கதையின் முடிவில் என்னைக் கூப்பிடுவார். "கிருமியைப் பத்தியே பாடம் எடுக்கற மேடமுங்க. அவங்களே பார்த்து ஓகே சொல்லிப்போட்டாங்க." நான் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நின்று சிரிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரமடையிலிருந்து வந்தவர்கள் முன்னால் இன்னும் ஒரு படி மேலே போனார். "காலேஜ்ல எல்லாம் புஸ்தகத்துல இருக்குமுங்க. நம்ம பட்டறையில பாருங்க, ஓடிட்டு இருக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்று தெரியும். தெரிந்தும் சுருக்கென்றது. அத்தனை நாள் அவரை வைத்து ஊரைச் சிரிக்கவைத்தவளுக்கு, ஒரே ஒரு வார்த்தை தன்மேல் விழுந்ததும் பொறுக்கவில்லை.

"ஓடுதுங்ணா. ஆனா வேலை செய்யலை" என்றேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். கேஜ் கிளாஸ் அந்தக் கதிரை வெளியே விடாது, குவார்ட்ஸ் வேண்டும், நீங்கள் உடைத்த காகிதம்தான் நிஜமான சரக்கு, இத்தனை நாள் எரிந்தது வெறும் சீரியல் லைட். கிளாஸில் பாடம் எடுக்கிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒவ்வொரு வரியும் இனித்தது. அவர் மல்லுக்கு நிற்பார், வோல்டேஜ் மேல் பழி போடுவார், நாளைக்கு அதையும் நடித்துக் காட்டலாம் என்று காத்திருந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். மெசினைச் சற்று நேரம் பார்த்தார்.

"அட, தப்புங்க. நான் பண்ணினது தப்பு" என்றார். ஒறம்பரை பக்கம் திரும்பி, "நீங்களும் கேட்டுக்கங்க. நான் சொன்னதெல்லாம் தப்பாப் போச்சு" என்றார். அப்புறம் என்னிடம், "குவார்ட்ஸ் எங்கே கிடைக்குமுங்க மேடம்? எழுதிக் கொடுங்க" என்று வெர்னியருக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

நடித்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்தேன். பேனாவை மூடும்போது அவர் கேட்டார்: "அப்ப மாப்ளைக்கு எப்படீங்க சரியாச்சு?"

அக்கா தரையைப் பார்த்தார். "சில சமயம் தானாவே சரியாயிருமுங்ணா" என்றேன்.

இரண்டு வாரத்தில் குவார்ட்ஸ் குழாய் வந்துவிட்டது. அதை அவர் இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்துப் பொருத்தினார். புற ஊதாக் கதிர் கண்ணுக்கு ஆகாது என்று நான் சொன்னதற்காக, ஆசையாக வெட்டிய ஜன்னலைத் தகடு வைத்து மூடிவிட்டார். ஹாலில் நீலம் போய்விட்டது. பார்க்க ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் அந்த மெசின் முதல்முறையாக வேலை செய்யத் தொடங்கியது. "நீங்க சொல்லலைன்னா வெறும் லைட்டைத்தானுங்க எரிச்சுட்டு இருந்திருப்பேன்" என்று பார்க்கிறபோதெல்லாம் சொன்னார்.

இப்போது நிஜமான மெசின் ஆயிற்றே, சும்மா வைத்திருக்க மனம் வருமா? காரமடைக்காரர் வீட்டில் ஒரு தங்கமீனுக்கு வெள்ளைப்புள்ளி என்று கேள்விப்பட்டதும், "கொண்டாந்து நம்ம தொட்டியில விடுங்க, நாலு நாள்ல சரி பண்ணிக் கொடுக்கறேன்" என்றார். மாப்ளை அதை விழுங்கிவிடக் கூடாதென்று எவர்சில்வர் கம்பிவலையில் ஒரு கூண்டு செய்து, அதற்குள் தங்கமீனை இறக்கினார். யூவி கொல்வது குழாய்க்குள் ஓடி வருகிற கிருமியை மட்டும்தான். மீனின் உடம்பில் ஒட்டியிருப்பதை அது தொடாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் அப்போது விடைத்தாள் திருத்தப் பத்து நாள் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அக்கா போன் செய்தார். மாப்ளைக்கும் புள்ளி வந்துவிட்டது. "நீ பயப்படாதே கண்ணு. போன தடவை மருந்து பாதி பாட்டில் மிச்சமிருக்குது. அவரு பட்டறைக்குப் போனதும் ஊத்திப்போடறேன்."

ஆறாம் நாள் மறுபடி பேசினார். என் முன்னால் நாற்பது விடைத்தாள் கிடந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மார்க் போட்டபடியே கேட்டேன். "போன தடவை நீலம் பத்து நாளும் அப்படியே நின்னுச்சு. இந்தத் தடவை காலைல ஊத்தினா பொழுதோட தண்ணி பளிச்சுனு தெளிஞ்சு போகுது கண்ணு."

"நல்லதுதானுங்க்கா. அண்ணனுக்குத் தெரியாம இருக்கும்" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்று சிரித்தார்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில், பாதி வழியில், ஜன்னலோரம் கண்ணயர்ந்தபோது அது என்னை உலுக்கி எழுப்பியது. நீலம் நிற்கவில்லை. மெசின் இப்போது வேலை செய்கிறது. தினமும் காலையில் ஊற்றுகிற மருந்தைச் சாயங்காலத்துக்குள் கெடுத்துவிடுகிறது. ஒரு சுவிட்சை அணைத்தால் போதும். உடனே போன் போட்டேன். அக்கா எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டும் எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஹாலில் அரை எச்பி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை. தொட்டியில் மாப்ளை இல்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கொய்யா மரம் உண்டு. அதன் கீழே மண் புதிதாக இருந்தது. அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார் அவர்.

மறுநாள் இருவரும் மாடிக்கு வந்தார்கள். ஆறு வருடத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அந்த ஒருமுறைதான். சட்டைப்பையில் வெர்னியர் இல்லை.

"மேடம், உங்களைத்தான் கேக்கோணும். மெசின்ல இன்னும் எங்கயாச்சும் தப்பு இருக்குதுங்களா? இருந்தா மூஞ்சிக்கு நேரே சொல்லிப்போடுங்க. போன தடவை நீங்க சொன்னதுனாலதான் எனக்குத் தெரிஞ்சுது."

அவருக்குப் பின்னால் நின்ற அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவை கேட்ட மருந்து இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை என்று அவர் கண்ணில் இருந்தது. எனக்குப் பதில் தெரியும். அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. நான் பண்ணினது தப்பு. அவர் ஒறம்பரை முன்னால் அரை நிமிடத்தில் சொன்ன அதே வார்த்தைகள்தான். என் வாயில் கல் மாதிரி கிடந்தன.

"மெசின்ல ஒரு தப்பும் இல்லைங்ணா" என்றேன். "மீனுக்கு வயசாயிருச்சு."

படித்தவள் சொன்னதால் உடனே நம்பினார். "அப்படீங்களா. அப்பச் சரிங்க" என்று எழுந்து, மனைவி நடக்க வழிவிட்டு நின்றார். ஆஸ்கர் மீன்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூட இருக்கும். எனக்கு அதுவும் தெரியும்.

அக்கா வாசற்படியில் நின்று திரும்பினார்.

"எட்டு வருசமெல்லாம் இதுகளுக்குப் பெரிய வயசா கண்ணு?"

"ஆமாங்க்கா, பெரிய வயசுதான்" என்றேன்.